பெயர் எழுத வேண்டாம்

வலது காலின் பெருவிரலைத் தளர விடுங்கள் என்றார் யோகா மாஸ்டர். சுபாஷிணிக்குத் தன் வலது கால் எது என்று ஒரு கணம் தெரியவில்லை. கண்ணை மூடி மல்லாந்து கிடந்தாள். முதுகுக்குக் கீழே ஜமுக்காளம், அதற்கும் கீழே சில்லென்ற சிவப்புத் தரை. முன்பு காசநோய் வார்டாக இருந்த இந்த ஹாலில்தான் மாவட்ட மனநல அலுவலகத்தின் ஊழியர்கள் முப்பது பேரும் மாதம் ஒரு வியாழக்கிழமை மூன்று மணிக்கு வரிசையாகப் படுத்து, மனசைத் தளர விட்டு, எழுந்து கைதட்டிச் சிரித்து, சுக்குக் காப்பி குடித்துவிட்டுக் கலைவார்கள். சுற்றறிக்கையில் இதற்குப் பெயர் ஊழியர் நலவாய்ப்பு. நழுவ வாய்ப்பு உண்டா சார் என்று டிரைவர்கள் கேட்பார்கள். எல்லோரும் சிரிப்பார்கள், அவளும் சிரித்திருக்கிறாள், போன மாதம்கூட. இன்றைக்கு அவள் காதுக்குள் தனசேகரன் சாரின் குரல் மட்டும் தேய்ந்த பல்சக்கரம் மாதிரி ஒரே இடத்தில் வந்து வந்து தடுக்கிக்கொண்டிருந்தது. தனசேகரன் சார் இங்கே சமூகப் பணியாளர். ஊழியர் செய்திமடலுக்கு அவர்தான் பொறுப்பு, அதை டைப் செய்து பக்கம் கட்டுவது அவள். அரை மணி நேரத்துக்கு முன்னால் அவள் மேசைமேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டு சொன்னார்: "இம்மாத நற்பணியாளர்னு ரெஜினா சிஸ்டர் போட்டோ வச்சிருக்கீங்கல்ல, அத எடுத்துருங்க மேடம்." ஏன் சார் என்று அவள் கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டாள். அவர் அக்கம்பக்கம் பார்த்துக் குனிந்து, "உங்களோட இருக்கட்டும். அந்த ஒன்பதாவது கேள்விக்கு டிக் போட்டது அந்தம்மாதான்" என்றார்.

இடது கால் பெருவிரல், என்றார் மாஸ்டர், அப்படியே மறந்துவிடுங்கள், உங்களுக்கு அப்படி ஒரு விரலே இல்லை. ஒன்பதாவது கேள்வி. போன வாரம் எல்லோருக்கும் கொடுத்தார்கள், ஊழியர் மனநலப் படிவம், பத்துக் கேள்வி, மேலே கொட்டை எழுத்தில் பெயர் எழுத வேண்டாம். அந்த வரியை டைப் செய்ததே அவள்தான், கொட்டை எழுத்தாக மாற்றியதும் அவள்தான், அதனால்தானோ என்னவோ அதை அப்படி நம்பினாள். தூக்கம் வருகிறதா, பசிக்கிறதா, சக ஊழியர் மேல் எரிச்சல் வருகிறதா, எல்லாவற்றுக்கும் எல்லோரையும் போல எப்போதாவது எப்போதாவது என்று டிக் போட்டுக்கொண்டே வந்தவள் ஒன்பதில் நின்றாள். என்னை அறியாமல் எனக்கோ பிறருக்கோ தீங்கு செய்துவிடுவேனோ என்ற பயம் வருகிறது. ஒருபோதும் இல்லை, எப்போதாவது, தினமும். பேனா தினமும் என்ற கட்டத்துக்குப் போனது. போனது என்றுதான் சொல்ல வேண்டும், அவள் போடவில்லை, ஏழு மாதமாக ஒருவரிடமும் சொல்லாததை ஒரு தாளிடம் சொல்லிவிட்டு மடித்துப் பெட்டிக்குள் போட்டபோது தலையிலிருந்து தண்ணீர்க்குடத்தை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. அன்றைக்கு மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டாள். அப்படிச் சாப்பிட்டதை இப்போது நினைக்கவே கூசியது. தாளைப் பிரித்தவர்கள் கையெழுத்தைப் பார்க்கவில்லை, டிக்கில் என்ன கையெழுத்து இருக்கிறது. தாளின் தலையைப் பார்த்தார்கள். "பேரு எழுதாதீங்கன்னா ஆளாளுக்கு சாமி பேரை எழுதி வச்சிருக்காங்க மேடம்" என்று சிரித்தார் தனசேகரன் சார். "முப்பதுல ஒன்பதுல பிள்ளையார் சுழி, ஒண்ணுல எழுநூத்தி எண்பத்தாறு. இந்தத் தாள்ல உச்சியில குட்டியா ஒரு சிலுவை. நம்ம ஆபீஸ்ல சிலுவை போடறது வேற யாரு?"

சிலுவை போட்டாளா? போட்டிருக்கிறாள். போட்டது நினைவே இல்லை, மூச்சு விட்டது நினைவிருக்குமா? கான்வென்ட்டில் மூன்றாம் வகுப்பில் சிஸ்டர் பெர்னதெத் பழக்கியது, பக்கத்தின் தலையில் நடுவில் உளுந்தளவு ஒரு சிலுவை, அதற்குக் கீழேதான் தேதி, அதற்குக் கீழேதான் எழுத்து. தலை இல்லாத பக்கத்துக்கு நான் மார்க் போடுவதில்லை என்பார். ஐம்பத்திரண்டு பெண்களும் போட்டார்கள். ஷபானா மட்டும் கூட்டல் குறி போட்டேன் சிஸ்டர், கணக்கு நோட்டுதானே என்பாள். பத்து வருடம் போட்ட கை எப்படி நிறுத்தும்? கல்யாணமான புதிதில் மளிகைச் சீட்டு எழுதிக் கொடுத்தபோது அத்தை கண்ணாடியைத் தூக்கிப் பார்த்து, "என்னம்மா இது, ஆஸ்பத்திரிச் சீட்டா, துவரம்பருப்புக்குமா?" என்று கேட்டாள், கணவன் கோகுல் விழுந்து விழுந்து சிரித்தான். அலுவலகத்தில் அவள் பேனாவைத் தொடுவதே வருகைப் பதிவேட்டில்தான், மற்றதெல்லாம் கம்ப்யூட்டர். அதனால் தனசேகரன் சாருக்குத் தெரிய வழியில்லை. குங்குமம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவளிடமே வந்து, சிலுவை போட்டது வேற யாரு என்று கேட்டுவிட்டு, அவள் வாயைத் திறந்தபடி இருந்ததைப் பார்த்து, "ஷாக்கா இருக்குல்ல? எனக்கும்தான்" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

கெண்டைக்கால்களை விட்டுவிடுங்கள். வெளியே புறநோயாளிகள் வரிசையில் ஏதோ கைக்குழந்தை அழுதது. அழுத உடனே அவள் மார்பு இறுகி ரவிக்கை நனைந்தது. எந்தக் குழந்தை அழுதாலும் இப்படித்தான், இந்த மடத்தனமான மார்புக்கு ஆதிரை அழுவதும் ஊரார் குழந்தை அழுவதும் ஒன்றுதான். ஆதிரை இந்நேரம் தூங்குவாள், அத்தை தொட்டிலை ஆட்டியபடி டிவி பார்த்துக்கொண்டிருப்பாள். ஆறு மணிக்கு அத்தை தன் வீட்டுக்குப் போய்விடுவாள், மாமாவுக்கு இரவுச் சாப்பாடு செய்துவிட்டு எட்டு மணிக்குத்தான் வருவாள். கோகுலுக்கு ஓசூரில் வேலை, பதினைந்து நாளுக்கு ஒருமுறை வருவான். ஆறிலிருந்து எட்டு. கொடியில் காயப் போட்ட துணியை எடுக்க மொட்டைமாடிக்குப் போக வேண்டும், குழந்தையைத் தனியே விட்டுவிட்டுப் போக முடியாது, தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும், கைப்பிடிச் சுவர் இடுப்புயரம்கூட இல்லை. முதல் நாள் அது ஒரு படமாக வந்தது. அவள் கை நீள்கிறது. அவ்வளவுதான், கை நீள்கிறது, கையில் குழந்தை இருக்கிறது, சுவர் இந்தப் பக்கம் இருக்கிறது. அவள் துணிகளைப் போட்டது போட்டபடி கீழே ஓடிவந்து கதவைச் சாத்தி, குழந்தையைக் கட்டிலில் கிடத்தி, தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டாள். அத்தை வருகிற வரைக்கும். அன்றிலிருந்து தினமும் ஆறு மணி ஆனால் கைகள் வேறு யாருடையவோ மாதிரி ஆகிவிடும். அரிவாள்மணையைத் தாளில் சுற்றிப் பரண்மேல் போட்டாள். குளிப்பாட்டும் வாளியைக் கவிழ்த்து வைத்தாள். அத்தை அரிவாள்மணையைத் தேடினாள், வேலைக்காரி எடுத்துக்கொண்டு போயிருப்பாள் என்று திட்டினாள், பாவம் அந்த வேலைக்காரி. அதையும் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தாளே. அப்போதும் சும்மா, இப்போதும் சும்மா. ஆதிரை என்றால் உயிர், அவள் கொட்டாவி விட்டால்கூட வாயைப் பார்த்துக்கொண்டு இருப்பாள், அப்புறம் ஏன் இது வருகிறது? இது வருகிறவளுக்கு என்ன பெயர் வைப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும், அவள்தானே எல்லாக் கோப்பையும் டைப் செய்கிறாள். தாய், வயது இருபத்தாறு, பட்டதாரி, முதல் பிரசவம். போன ஆடியில் ஒரு கோப்பில் கடைசி வரி, குழந்தையைத் தாயிடம் தனியே விடக் கூடாது. அதை டைப் செய்தபோது எழுத்துப் பிழை வந்து மூன்று முறை அடித்தாள். விடக் கூடாது. விடக் கூடது. விட கூடாது. அந்தப் பெண் யார், இப்போது எங்கே, குழந்தை யாரிடம், கோப்பு அதற்குமேல் சொல்லவில்லை. அப்போது இவள் ஆறு மாதக் கர்ப்பம். ஐயோ பாவம் என்று சொல்லிவிட்டு அடுத்த கோப்பை எடுத்தாள். இவள் பிரசவித்தபோது செய்திமடலில் வேறு வரி வந்தது: தகவல் பதிவாளர் திருமதி சுபாஷிணிக்குப் பெண் குழந்தை, தாயும் சேயும் நலம். தாயும் சேயும் நலம் என்று அச்சாகி அறிவிப்புப் பலகையில் குண்டூசியால் குத்தி வைத்திருந்தார்கள். அச்சில் வந்தால் உண்மைதானே.

"சுபா." பக்கத்து ஜமுக்காளத்திலிருந்து. "ஏட்டி, முழிச்சிருக்கியா?" ரெஜினாக்கா. தூத்துக்குடிப் பக்கம், இங்கே நர்ஸாக வந்து பதினொரு வருடமாகியும் ஏட்டி போகவில்லை. மத்தியானம் பதிவேட்டு அறையில் இவள் கதவைச் சாத்திக்கொண்டு பால் பீய்ச்சும்போது, ஒருவரும் உள்ளே வராமல் வெளியே முக்காலி போட்டுக் காவல் இருப்பவள். பாலை வார்டு ஃபிரிட்ஜில் வைத்துப் பூட்டி, "உன் மக சாப்பாடு பத்திரம், டாக்டரம்மா காப்பிக்கு எடுத்திரப் போறாவ" என்பவள். சுபாஷிணி கண்ணைத் திறக்காமல் ம் என்றாள். தொடைகளைத் தளர விடுங்கள் என்றார் மாஸ்டர். "ஒண்ணு கேக்கேன், உள்ளதச் சொல்லணும். நான் யாருக்காவது மாத்திரைய மாத்திக் குடுத்துட்டேனா? ஏதாவது கம்ப்ளெய்ண்டு டைப் அடிச்சியா?" "இல்லக்கா." "பொறவு ஏன் மருந்து அலமாரிச் சாவிய வாங்கி வச்சிருக்காவ? திங்கக்கிழமை வாங்கினாவ. ஸ்டாக் பாக்கணும்னாவ. நாலு நாளா ஸ்டாக் பாக்குதாங்களா? டாக்டரம்மா என் முகத்தையே பாக்க மாட்டேங்காவ." சுபாஷிணி கண்ணை இன்னும் இறுக மூடிக்கொண்டாள். "ஒரு டெய்லர் வருவாருல்லா, போன வாரம் வந்து கை நடுங்குதுன்னு சொன்னாரு. நான் குடுத்ததுதானோ? மூணு நாளா அவரு கைதான் கண்ணுக்குள்ள வருது. நேத்து வீட்டுல அரிசி களையுதேன், அதுலயும் அவரு கை. யாருக்கோ என்னமோ செஞ்சிட்டேன் போலயே, எனக்கே தெரியாம." சிஸ்டர், பேசக் கூடாது, மூச்சை மட்டும் கவனியுங்கள் என்றார் மாஸ்டர். ரெஜினாக்கா மூச்சைக் கவனிக்கத் தொடங்கினாள். அந்த மூச்சு இரண்டாக உடைந்து உடைந்து வந்தது.

எனக்கே தெரியாம. அந்தக் கேள்வியின் வார்த்தை அது, என்னை அறியாமல். ரெஜினாக்கா அந்தப் படிவத்தில் ஒன்பதாவது கேள்விக்கு ஒருபோதும் இல்லை என்றுதான் போட்டிருப்பாள், பதினொரு வருடம் ஒரு மாத்திரை மாற்றிக் கொடுத்ததில்லை. இப்போது அவளுக்குக் கை வந்துவிட்டது. சுபாஷிணியின் மொட்டைமாடிக் கை. தாளோடு போய்விட்டது என்று நினைத்ததே, போகவில்லை, பக்கத்து ஜமுக்காளத்துக்குப் போயிருக்கிறது, அரிசிப் பாத்திரத்துக்குள் போயிருக்கிறது. சளி ஒட்டிக்கொள்ளும், சொறி ஒட்டிக்கொள்ளும், இதுவுமா? திங்கட்கிழமை டாக்டரம்மா கூப்பிட்டு நாசூக்காகக் கேட்பார்களாம், தனசேகரன் சார் சொன்னார், பேரில்லாத படிவம்னு நாமதானே சொன்னோம், சட்டுனு கேட்டா நல்லா இருக்காது. அதுவரைக்கும் நாலு நாள். நாலு நாளில் ரெஜினாக்கா எத்தனை பேருடைய கைகளைப் பார்ப்பாள். திங்கட்கிழமை நான் இல்லை டாக்டர் என்று சொல்லுவாள், அவர்கள் தலையாட்டுவார்கள், அந்தத் தலையாட்டல் எப்படி இருக்கும் என்று சுபாஷிணிக்குத் தெரியும், இல்லை என்கிறவர்களிடம் தலையாட்டிவிட்டு எழுதுவார்கள், நோயாளி மறுக்கிறார். சொல்லிவிடு. சொன்னால்? சொன்னால் ஆறு மணி எல்லோருக்கும் தெரியும். அத்தை தொட்டிலைத் தன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவாள். கோகுல் ஒன்றும் சொல்ல மாட்டான், அவளையே பார்ப்பான், அதுதான் பயம், அவன் பார்வை அவள் கைக்கு இறங்கும். விடக் கூடாது. விடக் கூடது. சொல்லாவிட்டால்? சொல்லாவிட்டால் ஒன்றும் இல்லை, போட்டோவை எடுத்துவிட்டுக் கண் பரிசோதனை முகாம் அறிவிப்பை அந்த இடத்தில் வைத்தால் பக்கம் சரியாக வந்துவிடும், அளவுகூடப் பொருந்தும், அவள் அதை ஏற்கனவே மனசுக்குள் வைத்துப் பார்த்துவிட்டாள். வைத்துப் பார்த்துவிட்டாளே! ரெஜினாக்கா இருந்த இடத்தில் ஒரு கண் படத்தை. மொட்டைமாடியில்கூடத் தன்னைப் பார்த்து இவ்வளவு பதறியதில்லை. அங்கே கை நீண்டதே இல்லை, நீளுமோ என்ற பயம்தான். இங்கே நீண்டுவிட்டது. ஒன்றும் செய்யாமல் மல்லாந்து கிடந்தபடி ஒருத்தியைச் சுவருக்கு அந்தப் பக்கம் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

மெல்ல வலப்பக்கம் திரும்பி எழுந்திருங்கள், இப்போது நம் சிரிப்புப் பயிற்சி. ஹால் முழுக்க முட்டிகள் சடசடத்தன. தனசேகரன் சார் வேட்டியைச் சரிசெய்துகொண்டார். கைகளை மேலே தூக்கி, வயிற்றிலிருந்து, ஹோ ஹோ, ஹா ஹா. முப்பது பேரும் சிரித்தார்கள். முதலில் பொய்யாக, பிறகு காவலாளி கந்தப்பனின் சிரிப்பு கோழி கேறுவது போல இருந்ததால் நிஜமாகவே. ரெஜினாக்காவும் கையைத் தூக்கி, வீங்கிய கண்ணோடு, ஹா ஹா என்றாள். சொன்னபடி செய்கிறவள். சுபாஷிணி அவள் காதுக்குக் கிட்டே போனாள். "அக்கா, நீங்க ஒண்ணும் மாத்திக் குடுக்கல." ஹோ ஹோ. "என்னது?" "படிவம் குடுத்தாங்கல்ல, பேரில்லாம. ஒன்பதாவது கேள்விக்கு ஒருத்தர் தினமும்னு டிக் போட்டிருக்காங்க. அதுல சிலுவை இருந்துச்சு. நீங்கன்னு நினைச்சிட்டாங்க." ஹா ஹா. ரெஜினாக்காவின் கைகள் மேலேயே நின்றன. "நான் சிலுவையே போடலையேட்டி. பேர் எழுதக் கூடாதுன்னாவளேன்னு சும்மா விட்டேன்." "நான் போட்டேன்க்கா." "நீயா? நீ எதுக்குச் சிலுவை போடுத?" "கான்வென்ட்டுல பழகினது. எல்லாத் தாள்லயும் போடுவேன். அந்தத் தாள் என்னோடது." சொல்லிவிட்டாள். தரை அங்கேயே இருந்தது. ரெஜினாக்கா கைகளை மெதுவாக இறக்கி, இறக்கின கையால் இவள் மணிக்கட்டைப் பிடித்தாள், வலிக்கிற மாதிரி, கூட்டத்துக்கு நடுவே இழுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். "என்ன மேடம், சிரிப்பு வரலியா?" என்று தனசேகரன் சார் கேட்டார். "வருது சார். வெளிய போய்ச் சிரிச்சிட்டு வாரோம்" என்றாள் ரெஜினாக்கா.

வராந்தாவில் வெயில் கண்ணைக் குத்தியது. ரெஜினாக்கா கையை உதறிவிட்டாள். "நாலு நாளு. நாலு நாளா நான் யாரக் கொன்னேன்னு எண்ணிட்டுக் கெடக்கேன். சோறு எறங்கல. உனக்கு எப்பம் தெரியும்?" "இன்னைக்கு மத்தியானம்தான்க்கா, சத்தியமா." "மத்தியானம். பொறவு அம்புட்டு நேரமும் பக்கத்துல படுத்திருந்த. நான் கேட்டேன்லா? கேட்டப்ப இல்லக்கான்னு சொன்னேலா?" சுபாஷிணி தலை குனிந்தாள். மார்பில் ஈரம் சேலையிலும் தெரிந்தது. ரெஜினாக்கா அதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். கோபத்தில் இருந்த முகத்துக்குப் பின்னாலிருந்து வேறொரு முகம் வந்துகொண்டிருப்பதை சுபாஷிணி பார்த்தாள், இப்போது கேட்கப் போகிறாள், பிள்ளையையா என்று கேட்கப் போகிறாள், கேட்டால் செத்துவிடுவோம் என்று நினைத்தாள். "பிள்ளையையா?" என்றாள் ரெஜினாக்கா. சுபாஷிணி ஆமாம் என்று தலையாட்டினாள். சாகவில்லை. உள்ளே ஹோ ஹோ ஓய்ந்து, எல்லோரும் தங்களுக்குத் தாங்களே கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

"செய்யணும்னு தோணுதா, செஞ்சிருவோமோன்னு பயமா இருக்கா?" "பயம்க்கா. பயம்தான். கைய அடியில வச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன்." ரெஜினாக்கா பெருமூச்சு விட்டாள். முந்தானை நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு வராந்தாவின் கடைசியில் இருந்த டாக்டரம்மாவின் அறையை நோக்கி நடந்தாள், சுபாஷிணியைக் கூப்பிடவில்லை, சுபாஷிணி பின்னால் போனாள். "சாவி என் கைக்கு வரணும். நீதான் சொல்லணும், நான் சொல்லமாட்டேன்" என்றாள் திரும்பாமல். "சொல்றேன்க்கா." "எல்லாத்தையும்." "எல்லாத்தையும்." கதவுக்கு முன்னால் போய் நின்றதும் திரும்பினாள். "எந்த நேரத்துல வருது?" காய்ச்சல்காரர்களிடம் கேட்கிற குரல். காலையிலா, ராத்திரியிலா, குளிரோடயா என்று தினமும் நூறு பேரிடம் கேட்கிற குரல். இப்படி ஒரு குரலில் இதைக் கேட்க முடியும் என்று சுபாஷிணிக்குத் தெரியவே தெரியாது.

"சாயங்காலம்" என்றாள். "ஆறு மணிக்கு மேல."

"தினமுமா?"

"தினமும்."

ரெஜினாக்கா கையைத் திருப்பி வாட்ச்சைப் பார்த்தாள். "மூணே முக்கால்தான் ஆகுது" என்று சொல்லிவிட்டுக் கதவைத் தட்டினாள்.